ஸ்கேனர் படிக்க ஒரு புத்தகம்

மனிதர்கள் படிப்பதற்காக அச்சிடாத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதலாமா? ஃபில் ஸிம்மர்மன் பெயரில் எம்.ஐ.டி. பிரஸ் 1995-ல் வெளியிட்ட பி.ஜி.பி. மென்பொருளின் மூல நிரல் அந்த ரகம். 900 பக்கங்களுக்கு மேல். கொஞ்சம் முன்னுரை, அப்புறம் பூராவும் ஸி மொழி. அதுவும் ஸ்கேனர் தடுமாறாமல் படிக்கக்கூடிய எழுத்துருவில்.

ஈமெயிலை அடுத்தவர் படிக்க முடியாமல் பூட்டும் பி.ஜி.பி.யை ஸிம்மர்மன் 1991-ல் இலவசமாகக் கொடுத்தார். அது இன்டர்நெட்டில் ஏறி நாடு தாண்டிவிட்டது. வலுவான சங்கேத மென்பொருள் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஆயுதம், பீரங்கி வரிசையில்! 1993-ல் விசாரணை தொடங்கி மனுஷனை அலைக்கழித்து, 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள்.

நடுவில் வந்த புத்தகத்தின் சூட்சுமம் இதுதான். ஃப்ளாப்பியில் போனால் ஆயுதம். காகிதத்தில் போனால் பேச்சுரிமை. கப்பலேற்றி அனுப்பி, அக்கரையில் ஸ்கேன் செய்தால் மறுபடி மென்பொருள். 1997-ல் 5.0 பதிப்பை 12 வால்யூம்களாக, 6000 பக்கங்களுக்கு மேல் அச்சிட்டார்கள். ஐரோப்பாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஸ்கேன் செய்து பிழை திருத்தினார்கள். ஒவ்வொரு வரிக்கும் சரிபார்க்க ஓர் எண் உண்டு. (நம் பதிப்பாளர்கள் கவனிக்க.)

வாசிப்பு சுகம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் ஒரு சட்டத்தை இத்தனை பக்கங்களுக்கு நையாண்டி செய்த புத்தகம் வேறு எனக்குத் தெரியாது.

ஒரே குறை, இந்த சாமர்த்தியம் அன்றைய அமெரிக்காவில்தான் பலித்திருக்கும். அங்கே அப்போது ஏற்றுமதிக்குத்தான் தடை இருந்தது. வீட்டில் எவ்வளவு பெரிய பூட்டும் போட்டுக்கொள்ளலாம். நம் இன்டர்நெட் லைசென்ஸ் விதிகளோ 40 பிட்டுக்கு மேல் போனால் முன் அனுமதி வாங்கு, சாவியையும் ஒப்படை என்றன. உபயோகிப்பதற்கே தடை. 40 பிட் பூட்டை 1995-லேயே ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் எட்டு நாளில் உடைத்துக் காட்டியிருந்தார்.

2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே. பூட்டி அனுப்பிய எதையும் பூட்டாத வடிவில் குடிமக்கள் 90 நாள் வைத்திருந்து, போலீஸ் கேட்டால் காட்டணும். அதாவது, அதிராம்பட்டினத்தில் இருக்கும் அம்மா துபாய் மகனுக்கு ‘சாப்பிட்டியா?’ என்று அனுப்பினால் அதைக்கூட மூணு மாசம் பத்திரப்படுத்தணும். இதை எந்தப் புத்தகத்தில் அச்சிட்டுத் தப்பிப்பது? கூச்சல் கிளம்பியதும் வாட்ஸப் போன்றவற்றுக்கு விலக்கு என்றார்கள். செப்டம்பர் 22 அன்று வரைவையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.