பணத்தோடு போன கடிதம்: சியாவ்பியை வாசிப்பது எப்படி?



உறவுக் கடிதம் எழுதச் சொன்னால் முதல் வரி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ‘நலம், நலமறிய ஆவல்.’ அது வெறும் சடங்கு, எடுத்துடுங்க என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மில் உண்டு. அதற்கு முன் நம் சீன அண்டை வீட்டாரின் தாத்தா, பாட்டி காலத்துக் கடிதங்களைக் கொஞ்சம் பார்ப்போமே.

மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்க வந்த சீனர்கள், புஜியான், குவாங்டோங் மாநிலங்களில் இருந்த குடும்பத்துக்குப் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்களைச் ‘சியாவ்பி’ என்பார்கள். ‘பி’ என்பது ஹொக்கியன், தியோச்சூ வழக்கில் கடிதத்தைக் குறிக்கும் சொல். தொடக்கத்தில் ஊருக்குப் போய்வரும் ஆட்கள் கப்பலில் கையோடு கொண்டுபோனார்கள். பிறகு இதற்கென்றே கடைகள் வந்தன. 2013இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பல கடிதங்களின் தொடக்கம் ஒரே அச்சுதான். அம்மாவுக்கு என்றால் ‘தாயாரின் முழங்காலடியில்’ என்ற பொருளில் வரும் விளி. நம் பழைய கடிதங்களின் ‘திருவடிகளுக்கு’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பலருக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லித்தான் எழுதினார்கள். அந்த விளியில் மகனின் சொந்தக் குரலைத் தேடினால் ஏமாந்துதான் போவோம்.

அப்படியானால் குரல் எங்கே? பணப் பங்கீட்டில். அம்மாவுக்கு இவ்வளவு, சித்திக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லிப் பிரித்திருப்பார்கள். மொத்தத் தொகை உறையின் முகப்பிலேயே இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீடே கேட்கும். யாருக்கு எவ்வளவு, யார் பெயர் விட்டுப்போனது என்பதெல்லாம் அப்போதே வெளிச்சம்! பாசமும் மனக்கசப்பும் எண்ணாக வருகிற உரைநடை இது. கண்காட்சிகளில் இவற்றைத் ‘தாய்ப்பற்று’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது எனக்குச் சம்மதமில்லை. வியாபாரம் சரியில்லை, அடுத்த முறை கூட அனுப்புகிறேன் என்று சாக்குச் சொல்லும் கடிதங்களும் இதில்தானே இருக்கின்றன?

ஊரிலிருந்து வரும் பதில் கடிதம் ‘ஹுய்பி’. என் கணிப்பில் வாசிக்கக் கடினமானது இதுதான். பணம் கிடைத்ததற்கு அதுவே ரசீது. தாளும் பெரும்பாலும் சிறியது. பத்து வருடம் கணவரைப் பார்க்காத ஒரு மனைவி, தனக்கும் எழுதத் தெரியாத நிலையில், இன்னொருவர் பேனா வழியாக எதைச் சொல்லியிருக்க முடியும்? ‘வீட்டில் எல்லாரும் நலம்’ என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் அறுந்துபோனது. 1945க்குப் பிறகு மறுபடி தொடங்கியபோது, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே பலருக்குத் தெரியாது. அப்போது எழுதிய ‘நலமா?’வைச் சடங்கு என்று யார் சொல்வது?

வகுப்பில் செய்து பாருங்கள். இருபது வெள்ளி, ஐந்து உறவினர்கள், ஒரே ஒரு சிறிய தாள். விளி வழக்கமானதே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். பணத்தைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு, குறைவாகப் பெற்றவரின் பதிலை அடுத்த மேசை மாணவர் எழுதட்டும்.