சிலம்பு கேட்ட கேள்வி

சிலப்பதிகாரம் மூன்று உண்மைகளை நாட்ட எழுந்ததென அதன் பதிகம் பகர்கிறது. அரசு நெறி தவறினால் அறமே அதற்குக் கூற்றாகும் என்பது ஒன்று. பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பது மற்றொன்று. முன்வினை வந்தே தீரும் என்பது மூன்றாவது. மேடைகளில் நாம் முழங்குவது இரண்டாவதை. புலவர் பெருமக்கள் உருகி உருகி உரைப்பது மூன்றாவதை. முதலாவதோ, தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண்ணோடு முடங்கிக் கிடக்கிறது!

பாண்டியன் விசாரித்தானா? ஊடிச் சென்ற அரசியைத் தேற்ற விரைந்தவன், வழிமறித்த பொற்கொல்லன் சொல்லை நம்பி, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்றான். குற்றச்சாட்டு ஒரு மூச்சு. தீர்ப்பு மறு மூச்சு! ஏவப்பட்ட காவலரிலேயே, கோவலன் தோற்றத்தைக் கண்டு இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றோர் இருந்தனர். அந்த ஐயத்தை அரசனிடம் கொண்டு சென்றோர்தாம் எவருமில்லை. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டுமென 1950இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு விதிக்கிறதே, அந்த இடைவெளியின் அருமையைக் கோவலன் குருதியில்தான் கற்க வேண்டும்.

மதுரை மக்கள் என்ன செய்தனர்? அழுதனர். செங்கோல் வளைந்ததே என்று அரற்றினர். வெட்டுண்ட உடலைக் காட்டினர். அரண்மனை வாயிலுக்கோ, அயலூர்ப் பெண்ணொருத்தி தனியே நடந்தாள்!

அங்கே அவள் செய்தது என்ன? கணவன் கள்வன் அல்லன் எனக் கதிரவனே சான்று கூறியதாகக் காப்பியம் பாடுகிறது. எனினும், தோழர்களே, அவைக்களத்தில் அவள் கதிரவனைக் கூப்பிடவில்லை. எஞ்சிய சிலம்பை நீட்டினாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்களது முத்து என்றான் மன்னன். உடைத்தாள், வழக்கு முடிந்தது. கற்பின் கனலன்று, கையிலிருந்த சான்றே அரசை வீழ்த்தியது. பெரியார் இக்காப்பியத்தைக் கண்டித்ததும், கலைஞர் இதனைப் போற்றி 1964இல் 'பூம்புகார்' படத்துக்கு உரையாடல் தீட்டியதும் நாமறிவோம். 1968இல் சென்னைக் கடற்கரையில் எழுந்து, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்ட சிலையும், நல்ல வேளையாக, சிலம்பேந்தியே நிற்கிறது.

அவைக்களத்தை விட்டதும் காப்பியம் சறுக்குகிறது. மார்பைத் திருகி எறிந்து நகரை எரிக்கிறாளாம்! பார்ப்பாரையும் பசுவையும் விடுத்துத் தீயோரைப் பற்றுக எனத் தீக்கு ஆணையாம். வாய்மூடி நின்ற ஊரார் இதில் எந்தப் பட்டியல்? பின்னர் மதுராபதித் தெய்வம் தோன்றி, கோவலன் முற்பிறப்பில் கலிங்க நாட்டு வணிகன் ஒருவனைக் கொல்வித்த வினை இது என்கிறது. ஆராயாமல் கொன்ற அரசனுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைப்பாரா?

அரசு திருந்தியதா எனின், கொற்கைக்குச் செல்லுங்கள். நாட்டில் மழையில்லை, நோய் பரவுகிறது. வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரம் தலைகள். இம்முறையும் விசாரணை இல்லை. மழை பெய்தது, துன்பம் நீங்கியது என உரைபெறு கட்டுரை மகிழ்கிறது. அந்த ஆயிரவரின் மனைவியர் எந்த வாயிலில் போய் நின்றனர் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.