கேள்விகளால் எழுதப்படும் வரலாறு: சுயாதீனத் திரைப்பட இயக்குநர்களின் நேர்காணல்கள்

பெரிய ஸ்டுடியோ எடுத்த படத்துக்குக் காகிதச் சான்றுகள் ஏராளம். ஒப்பந்தங்கள், செலவுக் கணக்கு, கைவிடப்பட்ட திரைக்கதைப் பிரதிகள் என்று ஏதாவது ஓர் அலமாரியில் தங்கிவிடும். நண்பர்கள் நாலைந்து பேர் கடன் வாங்கி, கேமராவை வாடகைக்கு எடுத்து உருவாக்கும் சுயாதீனப் படத்துக்கு அந்த அலமாரி இல்லை. படம் எப்படிப் பிறந்தது, எது திட்டமிட்டது, எது வழியில்லாமல் செய்தது என்பதற்கெல்லாம் படம் வெளியான வேளையில் இயக்குநர் தந்த நேர்காணலே பெரும்பாலும் முதன்மைச் சான்றாக எஞ்சுகிறது. எனவே சுயாதீனத் திரைப்பட வரலாற்றில் நேர்காணலை விளம்பரத்தின் ஒரு பகுதியாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இயக்குநருடனான விரிவான உரையாடலை ஓர் எழுத்து வகையாக வளர்த்தவர்கள் பிரான்சின் ‘கையே து சினிமா’ இதழினர். 1954 பிப்ரவரியில் ஃபிரான்சுவா ட்ரூஃபோவும் ழாக் ரிவெட்டும் இயக்குநர் ழாக் பெக்கருடன் பேசியதை டேப் ரெக்கார்டரில் பதிந்து வெளியிட்டார்கள். நிருபர் தன் நினைவிலிருந்து எழுதித் தரும் பேட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்தது. தயக்கம், திருத்திச் சொல்லுதல், கேள்வியை மறுத்தல் எல்லாம் ஒலிநாடாவில் அப்படியே தங்கின. இந்த முறையின் உச்சம், 1962 ஆகஸ்டில் ஹிட்ச்காக்குடன் ட்ரூஃபோ ஒரு வாரம் நடத்திய உரையாடல். ஹெலன் ஸ்காட் மொழிபெயர்ப்பாளராக உடன் அமர்ந்திருந்தார். 1966இல் அது நூலாயிற்று. படத்தின் பொருள் என்ன என்பதைவிட, அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்பதே அங்கே அதிகம் கேட்கப்படுகிறது. ‘சஸ்பிஷன்’ படத்தில் மாடிப்படி ஏறிவரும் பால் தம்ளர் பார்வையை இழுப்பதற்காக, அதற்குள்ளேயே ஒரு விளக்கை வைத்ததாக ஹிட்ச்காக் சொன்னது அப்படிப்பட்ட கேள்விகளால் கிடைத்த விவரம்தான்.

ஹிட்ச்காக் ஸ்டுடியோவின் மனிதர். சுயாதீன இயக்குநரின் நேர்காணலில் எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்வியோடு எதை வைத்து எடுத்தீர்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரி ஜான் கசவெட்டிஸ். 1957இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில், சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் நேயர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் அனுப்பலாமே என்றார். ஏறத்தாழ 2,000 டாலர் வந்து சேர்ந்தது. அதில் தொடங்கிய படம்தான் ‘ஷேடோஸ்’. முதல் வடிவம் 1958இல் திரையிடப்பட்டபோது அவருக்கே நிறைவு தரவில்லை. பெரும்பகுதியை மீண்டும் எடுத்து 1959இல் முடித்தார். இது நடிகர்கள் அந்தந்த நேரத்தில் தாமாக உருவாக்கிய படம் என்ற அறிவிப்பு படத்தின் முடிவில் வருகிறது. இரண்டாம் வடிவத்தின் பல காட்சிகள் முன்கூட்டி எழுதப்பட்டவை என்பதை ஆய்வாளர் ரே கார்னி பின்னர் எடுத்துக்காட்டினார்.

நேர்காணலைச் சான்றாகக் கொள்பவர் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இயக்குநர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. ஒரு படத்துக்குத் தோற்றக்கதை அமைந்துவிட்டால், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு அதுவே இறுகிவிடுகிறது. ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ (1992) 7,000 டாலரில் எடுக்கப்பட்டது என்பது உலகறிந்த செய்தி. மருந்துச் சோதனைக்குத் தன் உடலைக் கொடுத்து அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் திரட்டினார் என்பதும் உண்மை. ஆனால் அது படப்பிடிப்பை முடித்த செலவு. திரையரங்குக்கு ஏற்றபடி ஒலியைச் செப்பனிட்டு, பிரதி எடுத்து, விளம்பரம் செய்ய கொலம்பியா நிறுவனம் அதைப்போல் பல மடங்கு செலவிட்டது. 7,000 டாலரை மட்டும் கேட்டுவிட்டுத் தன் படத்தைத் தொடங்கும் இளைஞர் பாதிக் கணக்கையே கேட்டிருக்கிறார்.

நேர்காணலின் எடையை மிகத் தெளிவாக உணர்ந்தவை அதைத் தடைசெய்த அரசுகள். ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010 டிசம்பரில் ஆறு ஆண்டு சிறையோடு 20 ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. படம் இயக்கக் கூடாது, திரைக்கதை எழுதக் கூடாது, நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற வரிசையில் பேட்டி தரக் கூடாது என்பதும் இருந்தது. பேச முடியாதவர் தன் வீட்டுக்குள் கேமரா முன் அமர்ந்து, எடுக்க முடியாமற்போன படத்தைத் தரைவிரிப்பில் ஒட்டுநாடாவால் கோடிட்டு விளக்கினார். மொஜ்தபா மிர்தஹ்மாஸ்புடன் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படைப்பே ‘திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்’. 2011 கான் விழாவில் திரையிடப்பட்டது. கேட்க ஆளில்லாத ஒரு நேர்காணல் என்றே அதைச் சொல்லலாம்.

2022 ஜூலையில் மீண்டும் கைதான பனாஹி, உண்ணாவிரதம் தொடங்கியபின் 2023 பிப்ரவரியில் விடுதலையானார். அதன்பின் எடுத்த ‘இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்’ 2025இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. இம்முறை நேரில் வந்து பேசினார். விசாரணையின்போது தன் கண்கள் கட்டப்பட்டிருந்ததையும், பின்னாலிருந்து வந்த குரல் யாருடையது என்று தன் மனம் ஆராய்ந்துகொண்டே இருந்ததையும் அந்தப் பேட்டிகளில் விவரித்தார். ஒரு மனிதனின் செயற்கைக் காலோசையை வைத்து, தன்னைச் சிறையில் வதைத்தவன் அவன்தானோ என்று தொழிலாளி ஒருவர் சந்தேகிப்பதில் தொடங்கும் கதை அது. இந்தப் பேச்சுக்குப் பின் படத்தின் ஒலியமைப்பே வேறு பொருளில் கேட்கிறது. ஒரு நேர்காணலால் இதைவிடப் பெரிய பயன் இருக்க முடியாது.

தமிழில் அண்மைக் காலத்தின் நல்ல எடுத்துக்காட்டு பி.எஸ். வினோத்ராஜ். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற ‘கூழாங்கல்’, கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தன் சகோதரி குழந்தையோடு தாய்வீட்டுக்கு நடந்தே வந்த நிகழ்விலிருந்து உருவானது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் நடப்பவர்களோ தந்தையும் மகனும். சகோதரி நடந்த வெயிலில் அந்த ஆணை நடக்கவைத்திருக்கிறார் என்பது அந்தத் தகவலுக்குப் பின்புதான் புரிகிறது. 2024இல் வந்த ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை, முடிவு பார்வையாளரிடம் விடப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட படத்தின் இயக்குநரிடம் கடைசியில் என்னதான் நடந்தது என்று கேட்பது வீண். இசையில்லாத படத்தில் வண்டிச் சத்தமும் காற்றும் எப்படிப் பதியப்பட்டன என்று கேட்டால் பயனுண்டு. திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவி அருண் கார்த்திக் எடுத்த ‘நசீர்’ (2020) கோவைத் துணிக்கடை விற்பனையாளர் ஒருவரின் ஒரே நாளைப் பழைய 4:3 சட்டகத்துக்குள் சொல்கிறது. கதையிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் அந்தக் குறுகிய சட்டகம் என்பவையே அங்கே கேட்கத்தக்கவை.

பட வெளியீட்டை ஒட்டிய பத்து நிமிடக் காணொளிப் பேட்டிகளில் இவற்றுக்கு இடம் இருப்பதில்லை. வாய்ப்பு எப்படிக் கிடைத்தது, நடிகர் எப்படிப் பழகினார் என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ போன்ற இதழ்கள் நீண்ட உரையாடலுக்குப் பக்கங்கள் ஒதுக்கின. ஆனால் அங்கும் அச்சில் வந்தது சுருக்கிய வடிவமே; முழுப் பேச்சு ஒலிப்பதிவில்தான் இருக்கும். ஹிட்ச்காக் உரையாடலின் ஒலிநாடாக்கள் பிழைத்திருந்ததால்தான் 2015இல் கென்ட் ஜோன்ஸ் அவற்றைக் கொண்டு ஓர் ஆவணப்படம் எடுக்க முடிந்தது. தமிழில் இயக்குநர்களைச் சந்திப்பவர்கள், கட்டுரையை அனுப்பியபின் ஒலிப்பதிவை அழித்துவிடாமல், நாளும் இடமும் குறித்து, ஒரு பிரதியை ஏதேனும் நூலகத்தில் சேர்த்துவைக்க வேண்டும்.