கயிறு கட்டிய முகமூடிகள்

போலந்தின் சோஸ்னோவியெட்ஸ் நகரம். ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கணவனும் மனைவியும் தெருவில் நடக்கிறார்கள். இருவரும் யூதர்கள் என்பதால் சுண்டெலிகள். போலந்துக்காரர்களாகத் தெரிய வேண்டும் என்று பன்றி முகமூடி மாட்டியிருக்கிறார்கள். விளாடெக்கின் வேஷம் கச்சிதம். ஆன்யாவின் கோட்டுக்கு அடியில் மட்டும் நீளமாக ஒரு வால் தொங்குகிறது. மனைவியின் முகஜாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா சொன்னதை, மகன் ஆர்ட் ஸ்பீகல்மன் ஒரு வாலாக வரைந்துவிட்டார். ‘மவுஸ்’ படக்கதையை எத்தனை முறை புரட்டினாலும் இந்தக் கட்டத்தில் என் கண் நின்றுவிடும்.

நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த தன் பெற்றோரின் கதையை அவர் 1980 முதல் ‘ரா’ இதழில் தொடராக வரைந்தார். 1986இல் முதல் பாகமும் 1991இல் இரண்டாம் பாகமும் நூலாயின. மறு ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது. யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை, போலந்துக்காரர்கள் பன்றி, அமெரிக்கர்கள் நாய்.

பஞ்சதந்திரத்து நரி தந்திரசாலியைக் குறிக்கும். எந்த நாட்டுக்காரரையும் குறிக்காது. ஒரு இனம் முழுவதற்கும் ஒரே மிருகத் தலையை மாட்டுவது வேறு விஷயம், விபரீதமான விஷயம். நாஜிகள் அதைத்தான் செய்தார்கள். 1940இல் வந்த அவர்களுடைய பிரச்சாரப் படமொன்று யூதர்களை எலிக்கூட்டத்தோடு சேர்த்துக் காட்டியது. ஆஷ்விட்ஸில் மனிதர்களைக் கொன்ற ஸைக்ளான் பி, பூச்சிகளைக் கொல்லத் தயாரித்த மருந்து. அந்த வசையையே ஸ்பீகல்மன் கையில் எடுத்து, அது கிழிந்துபோகும் வரை இழுக்கிறார்.

முகங்களைப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, கூரான மூக்கு, பெரும்பாலும் வாய்கூடக் கிடையாது. எல்லா எலியும் ஒரே சாயல். கண்ணாடி, கோட்டு, தோள் சரிவு, புருவக் கோட்டின் சாய்வு, இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். அச்சில் வரும் அளவிலேயே பவுண்டன் பேனாவால் வரைந்திருக்கிறார். அதனால் கோட்டின் தடுமாற்றம்கூட நம்மிடம் அப்படியே வந்து சேர்கிறது.

தங்களைப் பன்றியாக வரைந்தது போலந்தில் பலரைப் புண்படுத்தியது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ஆன்யாவையும் விளாடெக்கையும் வீட்டில் ஒளித்துவைக்கும் பெண்ணுக்கும் அதே முகம்தான். ஆஷ்விட்ஸில் விளாடெக்கின் கையில் குத்திய 175113 என்ற எண்ணைக் கூட்டிப் பார்த்து, 18 வருகிறது, யூத மரபில் அது உயிரைக் குறிக்கும் எண் என்று தெம்பூட்டும் பாதிரியாருக்கும் அதே முகம்தான். முகத்தை வைத்து மனிதரை எடைபோட அந்தப் பக்கங்கள் விடுவதில்லை.

இரண்டாம் பாகத்தில் ஸ்பீகல்மன் தன்னையே எலி முகமூடி கட்டிய மனிதராக வரைகிறார். பின்தலையில் முடிச்சு தெரிகிறது. சுற்றி ஈக்கள்; மேஜைக்கடியில் பிணக்குவியல். முதல் பாகம் கொண்டுவந்த புகழின் நடுவே அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

இன்னொரு இடமும் உண்டு. முகாமில் ஒரு கைதி, தான் யூதன் இல்லை, ஜெர்மானியன் என்று கதறுகிறார். ஒரு கட்டத்தில் எலியாக இருப்பவர் இன்னொன்றில் பூனையாக இருக்கிறார். உண்மையிலேயே ஜெர்மானியரா என்று மகன் கேட்கிறார்; அப்பாவுக்குத் தெரியவில்லை. ஸ்பீகல்மன் இரண்டு படங்களையும் விட்டுவைத்திருக்கிறார்.