கருக்கலைப்பு விவாதத்தில் கிறித்தவ அறநோக்குகள்: மூன்று வினாக்களும் இரு துருவங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கருக்கலைப்புக் குறித்த விவாதம் அரை நூற்றாண்டுக் காலமாக இரு துருவங்களாகப் பிளவுபட்டு நிற்கிறது. இரு தரப்பினரும் கிறித்தவ மரபைத் தமக்குச் சான்றாக அழைக்கின்றனர். அம்மரபின் மூலங்களை நுணுகி நோக்கினால், கருவின் நிலை, பொறுப்பின் பங்கீடு, சட்டத்தின் எல்லை என்னும் மூன்று வினாக்கள் அதில் தனித்தனியே எழுப்பப்பட்டுள்ளமை புலனாகும். இன்றைய விவாதம் அம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டதே துருவப்பாட்டின் அடிப்படைப் பிழை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்

கிறித்தவ அறவியல், கருக்கலைப்பு, விவிலிய மொழிபெயர்ப்பு, ஆன்மா புகுதல், பொறுப்பு, சட்டமும் அறமும்

முன்னுரை

1973-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் அளித்த தீர்ப்பு, கருக்கலைப்பை அரசமைப்புச் சட்டம் காக்கும் உரிமையாக ஏற்றது. 2022-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் ‘டாப்ஸ்’ வழக்கின் தீர்ப்பு அதனை நீக்கி, முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் ஒப்படைத்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ‘உயிர்ச்சார்பு’, ‘தெரிவுச்சார்பு’ என்னும் இரு சொற்கள் அரசியல் அடையாளங்களாக இறுகின. ஒரு கிறித்தவரின் அறநிலைப்பாடு எதுவாயினும் அது இவ்விரண்டனுள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உருவாயிற்று. இவ்வெதிர்பார்ப்பு மரபின் இயல்புக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மறைநூலும் மொழிபெயர்ப்பும்

விவாதத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் பகுதி யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் 22 முதல் 25 வரையிலான வசனங்கள். ஆடவர் இருவர் சண்டையிடுகையில் கருவுற்ற பெண்ணொருத்தி அடிபட்டால் நேரும் விளைவுக்குரிய தண்டனையை அப்பகுதி வரையறுக்கிறது. எபிரேய மூலம், பிள்ளைகள் ‘வெளிவருதல்’ என்ற பொதுவினையையே கையாள்கிறது. அதனைக் கருச்சிதைவு எனக் கொண்டால், கருவின் இழப்புக்குப் பணத்தண்டமும் தாயின் இழப்புக்கு உயிருக்கு உயிரும் விதிக்கப்பட்டதாகப் பொருள்படும். குறைமாதப் பிறப்பு எனக் கொண்டாலோ, தாய், சேய் இருவருக்கும் நேரும் கேட்டினை ஒரே நிலையில் வைத்துச் சட்டம் பேசுவதாகும்.

இருவகைப் பொருளுக்கும் மொழியியல் அடிப்படை உண்டு. கருச்சிதைவைக் குறிக்கும் வேறொரு வினை அதே நூலின் 23-ஆம் அதிகாரத்தில் இருக்க, அது இங்கு ஆளப்படாமை குறைமாதப் பிறப்பு என்பாருக்குச் சான்று. செத்துப் பிறந்த சிசுவைக் குறிக்குமிடத்தும் எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் அதே பொதுவினையை ஆள்வது எதிர்த்தரப்பாருக்குச் சான்று. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு, கர்ப்பம் விழுதல் என்ற பொருளையே தேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் ‘நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பைபிள்’ 1970-களின் பதிப்புகளில் கருச்சிதைவு என்று பெயர்த்திருந்ததை 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் குறைமாதப் பிறப்பு என மாற்றியது. மாற்றத்திற்கு மொழியியல் காரணம் கூறவியலும் எனினும், அது விவாதம் உச்சமடைந்த காலத்தில் நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. ஒரு வினைச்சொல்லின் பொருள் இவ்வாறு ஐயத்திற்கு இடந்தருகையில், அதன்மீது முழு அறவியலையும் எழுப்புதல் எத்தரப்பாருக்கும் ஏற்புடையதன்று.

கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இதனினும் வேறான வழியில் சென்றது. உருப்பெறாத கரு, உருப்பெற்ற கரு என்னும் பாகுபாட்டைப் புகுத்தி, முன்னதற்குத் தண்டமும் பின்னதற்கு உயிருக்கு உயிரும் என அது வகுத்தது. எபிரேயத்தில் காணப்படாத இப்பாகுபாடே பின்னைய கிறித்தவச் சிந்தனையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வேர்கொண்டது.

முதல் வினா: கருவின் நிலை

தொடக்கத் திருச்சபையின் ‘திதாக்கே’ என்னும் போதனை நூல் கருக்கலைப்பை வெளிப்படையாக விலக்குகிறது. அக்கண்டிப்பு மரபில் பின்னரும் தளரவில்லை. ஆயின், கண்டிப்பில் ஒருமை இருந்ததுபோலக் காரணங்காட்டுவதில் ஒருமை இருக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் பெரிய பசிலியார், உருப்பெற்றது உருப்பெறாதது என்ற வேறுபாட்டை ஏற்க மறுத்தார். அகுஸ்தீனாரோ, உருப்பெறாத கருவின் அழிவைக் கொலை எனக் கூறத் தயங்கினார். எனினும் அதனைத் தீவினை என்றே கருதினார். 13-ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினார், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கரு படிப்படியாக வளர்ந்த பின்னரே அறிவுசார் ஆன்மா அதனுட் புகும் எனக் கொண்டார்.

திருச்சபைச் சட்டமும் இவ்வேறுபாட்டிற்கேற்ப மாறி மாறி அமைந்தது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1588-இல், கருவின் வளர்ச்சிநிலையைப் பாராமல் அனைத்துக் கருக்கலைப்புகளுக்கும் கடுந்தண்டனை விதித்தார். மூன்றாண்டுகளில், 1591-இல், பதினான்காம் கிரகோரியார் அத்தண்டனையை ஆன்மா புகுந்த கருவுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கினார். 1869-இல் ஒன்பதாம் பயஸ் அப்பாகுபாட்டை நீக்கினார்.

இவ்வரலாற்றை இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்றவாறு குறைத்துரைக்கின்றனர். மரபு என்றும் ஒன்றே கூறியது என்பார், தண்டனையிலும் விளக்கத்திலும் நேர்ந்த மாற்றங்களை மறைக்கின்றனர். மரபு தொடக்கநிலைக் கருக்கலைப்பை ஏற்றிருந்தது என்பார், தண்டனைக் குறைவை அற ஏற்பாகத் திரிக்கின்றனர். இரண்டும் பொருந்தா. 1974-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, ஆன்மா புகும் கணம் எது என்ற வினாவை வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்து, ஐயமுள்ள நிலையிலும் மனித உயிரைக் கொல்ல நேரும் இடருக்குத் துணிதல் தகாது என வாதிட்டது. வினாவின் விடை அறுதியாகத் தெரியாதபோதும் அறக்கடமை எழும் என்னும் இவ்வாதத்திற்கு நேரே விடையிறுப்பதே தெரிவுச்சார்பினரின் உண்மையான கடன். கருவைக் குறித்த வினாவையே எழுப்பாது விடுதல் விடையாகாது.

இரண்டாம் வினா: பொறுப்பின் பங்கீடு

செயல் தவறு என முடிவு கண்ட பின்னரும், அத்தவற்றில் எவர் பங்கு எவ்வளவு என்ற வினா எஞ்சுகிறது. செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், அவர் மறைவுக்குப்பின் 1949-இல் வெளிவந்த ‘அறவியல்’ நூலில், கருவை அழித்தலைக் கொலை என்றே கூறுகிறார். ஆயினும், வறுமையின் கொடுமையாலும் கையறுநிலையாலும் அது நிகழுமிடத்து, குற்றம் அத்தனி மனிதரைவிடச் சமூகத்தையே பெரிதும் சாரக்கூடும் என்றும் அவர் உடன் உரைக்கிறார். கருவின் நிலை குறித்து உறுதியான விடை தருபவர், பொறுப்புக் குறித்து அதே உறுதியோடு பெண்ணைக் குற்றவாளியாக்கவில்லை என்பது கருதத்தக்கது. கார்ல் பார்த் தம் ‘திருச்சபைக் கோட்பாட்டியல்’ நூலின் 1951-இல் வெளியான பகுதியில், ‘கூடாது’ என்பதையே முதற்சொல்லாக வைத்து, தாயின் உயிருக்கு இடர் நேரும் எல்லைநிலைகளில் மட்டும் மறுத்து நோக்க இடந்தருகிறார்.

1983-ஆம் ஆண்டு இவ்வினாவிற்கு எதிரெதிர் முனைகளிலிருந்து இரு விடைகள் எழுந்தன. சிகாகோ உயர்மறைமாவட்டத்தின் கர்தினால் ஜோசப் பெர்னார்டின், டிசம்பர் 6-ஆம் நாள் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கருக்கலைப்பு, மரணதண்டனை, அணு ஆயுதப் போர் ஆகியவற்றை ஒரே உயிரறத்தின் கீழ் இணைத்தார். பிறவா உயிரைக் காக்க வேண்டும் என்போர், பிறந்தபின் அவ்வுயிருக்கு வேண்டும் உணவு, உறையுள், மருத்துவம் ஆகியவற்றுக்கும் கடமைப்பட்டவர் என்பது அதன் உட்கிடை. கருக்கலைப்பின் தனிக்கனத்தை இவ்விணைப்பு குறைத்துவிடும் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. அது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. இருப்பினும் பொறுப்பைப் பெண்ணிடமிருந்து சமூகத்திற்கும் விரித்தமை அவ்வுரையின் நிலையான பங்களிப்பு எனலாம்.

அதே ஆண்டில் பெவர்லி ஹாரிசன் எழுதி வெளியிட்ட ‘தெரிவு செய்யும் நம் உரிமை’ என்னும் பொருளுடைய நூல், பெண்ணை அறத்தின் பொருளாக அன்றி, அறமுடிவெடுக்கும் முகவராகக் காணுமாறு இறையியலாளரைக் கேட்டது. கருவுறுதலையும் பேறுகாலத்தையும் ஒருபோதும் தாங்காத ஆடவரே அதுகுறித்த விதிகளை வகுத்து வந்தனர் என்னும் அவரது திறனாய்வு மறுக்கவியலாத வன்மையுடையது. எனினும் முடிவெடுப்பவர் யார் என்ற வினாவின் விடை, எடுக்கப்படும் முடிவு நல்லதா என்ற வினாவின் விடையாகாது. ஹாரிசனின் நூலுக்கு எதிராக எழுப்பத்தக்க வலுவான வினா இதுவே.

மூன்றாம் வினா: சட்டத்தின் எல்லை

அற முடிவு சட்டமாவது எப்போது என்ற வினாவைச் சபைகளே முன்பு தனித்துக் கையாண்டன என்பதற்குத் தென் பாப்திஸ்து மாநாட்டின் 1971-ஆம் ஆண்டுத் தீர்மானம் சான்று. பிறவா உயிர் உள்ளிட்ட மனித உயிரின் புனிதத்தை உயர்வாக மதிக்குமாறு அது சட்டத்தைக் கேட்டது. அதே தீர்மானம், வன்புணர்ச்சி, முறைதகா உறவு, கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல் மன நலக்கேடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்திற்காக உழைக்குமாறும் உறுப்பினரை வேண்டியது. 1980-இல் அச்சபை கடுமையான தடையின் பக்கம் திரும்பியது. 2003-இல் தன் முன்னைய தீர்மானங்களுக்காக வருத்தமும் தெரிவித்தது. பின்னைய நிலைப்பாடே சரியென ஒருவர் கொள்ளலாம். ஆயின் முன்னையதைக் கிறித்தவத்திற்குப் புறம்பானது எனத் தள்ளுவது வரலாற்றுக்கு முரணாகும்.

1984-இல் நியூயார்க் ஆளுநர் மாரியோ கியூமோ நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில், திருச்சபையின் போதனையை ஏற்கும் ஒருவர் அதனைச் சட்டமாக்க வேண்டிய கட்டாயம் இல்லை என வாதிட்டார். இவ்வகை வாதத்திற்குத் துணையாக, மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்காது என்ற அக்குவினாரின் கருத்து காட்டப்படுவதுண்டு. ஆனால் அதே இடத்தில் அக்குவினார், பிறருக்குக் கேடு விளைக்கும் கொலை போன்றவற்றைச் சட்டம் தடுத்தாக வேண்டும் என்கிறார். எனவே அவர் கூற்று எத்தரப்பினருக்கும் முழுத்துணையாகாது. சட்டம் என்ன செய்யவல்லது, எதனைச் செய்யும்போது தான் தடுக்க விரும்பும் தீமையைவிட வேறொரு தீமையை விளைவிக்கும் என்ற ஆய்வை அது தொடங்கிவைக்கிறது, முடித்துவைப்பதில்லை.

வினாக்கள் குழையும் இடம்

துருவப்பாட்டின் வழி இப்போது தெளிவாகும். ஒரு தரப்பு முதல் வினாவின் விடையிலிருந்தே மற்ற இரண்டனையும் வருவித்துக்கொள்கிறது: கரு மனித உயிர், ஆகவே பெண்ணும் மருத்துவரும் குற்றவாளிகள், ஆகவே தடைச்சட்டம் ஒன்றே வழி. மறுதரப்பு மூன்றாவதிலிருந்து பின்னோக்கிச் செல்கிறது: சட்டம் தடுத்தலாகாது; ஆகவே முடிவு பெண்ணுடையது; ஆகவே கருவைப் பற்றிய வினா தேவையற்றது. இரண்டு வருவிப்புகளிலும் ‘ஆகவே’ என்னும் சொல் தன்னால் தாங்கவியலாத சுமையைச் சுமக்கிறது.

இக்குழைவின் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. கருக்குழாயில் கரு தங்கிய பெண்ணின் நிலையை நோக்கலாம். கத்தோலிக்க அறவியலின் இரட்டை விளைவுக் கோட்பாடு, நோயுற்ற குழாயை அகற்றுதலைத் தாயின் உயிர்காக்கும் சிகிச்சையாக ஏற்கிறது. கருவின் இழப்பு முன்னறியப்படுகிறதே அன்றி விரும்பப்படுவதில்லை என்பது அதன் காரணம். இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை வகுத்த மரபின் பெயரால், வேறுபாடுகளையே அறியாத முழக்கங்கள் எழுமாயின், படுக்கையருகே முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கும் பெண்ணுக்கும் அம்மரபு உதவாமற் போகும்.

முடிவுரை

கிறித்தவ மரபு கருக்கலைப்பைத் தொடர்ந்து கண்டித்து வந்துள்ளது. அக்கண்டிப்பின் காரணமும் அளவும் காலந்தோறும் மாறியுள்ளன. பொறுப்பு தனியொரு பெண்ணுடன் முடிவதில்லை என்பதைக் கண்டிப்பில் உறுதியாக நின்ற போன்ஹோஃபரே உரைத்துள்ளார். சட்டத்தின் எல்லை குறித்துச் சபைகள் தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டுள்ளன. இம்மூன்று உண்மைகளையும் ஒருங்கே ஏற்பது நடுநிலை என்னும் பெயரில் நழுவுதல் ஆகாது. ஒவ்வொரு வினாவிற்கும் தனித்தனியே விடையிறுக்கும் கடமையை அது இரு தரப்பினர் மீதும் சுமத்துகிறது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடல், கருக்கலைப்பைக் கடுமையாகக் கண்டித்த பின்னும், அதனைச் செய்துகொண்ட பெண்களை நோக்கி நம்பிக்கை இழக்க வேண்டா எனக் கனிவுடன் பேசுகிறது. கண்டிப்பும் கனிவும் ஒரே ஏட்டில் இடம்பெற இயலுமாயின், அவற்றை இரு கட்சிகளாகப் பிரித்துவைப்பது மரபின் இயல்பன்று. மரபைப் படிப்போரின் குறையே ஆகும்.