ஏ.டி.எம். திரைமொழியும் நன்னூல் விடைவகையும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஊதிய நாளன்று ஏ.டி.எம். திரையில் ‘பரிவர்த்தனை நிறைவேறவில்லை’ எனக் காணும் தொழிலாளிக்கு அத்தொடர் பயன்படுவதில்லை. நன்னூலார் வகுத்த எண்வகை விடைகளுள் அஃது உற்றதுரைத்தல்; குறிப்பாக மட்டுமே விடையாவது. கணக்கில் கழிந்த தொகை திரும்புமா என்பதே அவர் வினா. அதற்கு வேண்டுவது நேர்விடை, அவ்விடையும் உள்ளது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர்ச் சுற்றறிக்கைப்படி, பணம் வெளிவராமல் கழிந்த தொகையை 5 நாட்களுக்குள் வங்கியே திரும்ப வரவு வைத்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மேற்கண்ட தொடரில் இவற்றின் சுவடே இல்லை. ‘பரிவர்த்தனை’யா ‘பணப்பரிமாற்ற’மா எனும் கலைச்சொல் வழக்கு (சலிப்பூட்டும் வழக்கு அது) இக்குறையைத் தொடவேயில்லை. ‘பணம் வரவில்லை. கணக்கில் கழிந்திருந்தால் 5 நாட்களுக்குள் திரும்ப வரும். வராவிடில் வங்கியில் முறையிடுங்கள்’ என எழுதக் கலைச்சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.