ஒலிச்சிதைவும் ஆசிரியர் பாடமும்: 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி'

உருசிய இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன் 1938இல் ஆக்கிய 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்னும் வரலாற்றுப் படத்தின் கதை சிறிது. 1242இல், உறைந்து கிடந்த பீப்பசு ஏரியின்மீது செருமானிய வீரத்துறவியரை நெவ்ஸ்கி வென்றதே அது. மீண்டும் காண்பார்க்குக் கதை பின்னிற்க, ஒளியும் ஒலியும் முன்னிற்கும்.

ஒளிப்பதிவாளர் எதுவார்த் திசே அடிவானத்தைத் திரையின் கீழ்ப்பகுதிக்குத் தாழ்த்தி, எஞ்சிய இடமெல்லாம் வானுக்கே விடுகின்றார். அவ்வடிவானத்தில் பகைப்படை முதற்கண் ஒரு கருங்கீற்றாகவே தோன்றுகின்றது. வெண்மை தூய்மைக்குரியது என்னும் வழக்கை மாற்றி, வெள்ளாடையைப் பகைவர்க்கு உடுத்தியதும் நோக்கத்தக்கது. அவர்தம் முகங்களை இரும்பு மூடியுள்ளது; உருசியர் முகங்களோ திறந்துள்ளன. இப்போர் கோடையில், செயற்கைப் பனிமீது எடுக்கப்பெற்றது என்று அறிந்த பின்னரும் அக்குளிர் நம்மை விட்டு நீங்குவதில்லை.

பகை வரவை எதிர்நோக்கும் காட்சியின் 12 படத்துண்டுகளையும் 17 இசைக்கூறுகளையும் இணைத்து ஐசன்ஸ்டைனே ஒரு வரைபடம் வகுத்துள்ளார். கண் செல்லும் நெறியும் இசை செல்லும் நெறியும் ஒன்றே என்பது அவர் துணிபு. இதனை முழுதும் உடன்படுதல் அரிது. படத்தைக் கண் ஒருங்கே கொள்ளும். இசையைச் செவி நிரல்படவே கொள்ளும். பிறரும் இத்தடையை எழுப்பியுள்ளனர்.

நாம் ஆராய வேண்டுவது வேறொன்று. செர்கேய் புரோகோபியேவின் இசை இப்படத்தில் மிகத் தாழ்ந்த தரத்திற் பதிவாயிற்று. ஆதலின் 1990களில் அவ்விசையைப் புதிதாகப் பதிந்து படத்தோடு இணைத்தனர். நன்முயற்சியே; ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. செருமானியர் கொம்பொலியை ஒலிவாங்கியின் அருகே எழுப்பி, அது சிதைந்து ஒலிக்குமாறு வேண்டுமென்றே பதிவித்தவர் புரோகோபியேவ். பகைவர் கொம்பு உருசியர் செவிக்கு இனித்தலாகாது என்பது அவர் கருத்து. எனவே, பழம்பதிவின் கரகரப்பு முழுதும் குறையன்று.

ஏடு பதிப்பிப்போர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. ஏடெழுதினோன் பிழை எனக் கருதித் திருத்திய சொல், ஆசிரியர் பாடமாகவே இருந்துவிடுதல் உண்டு. திருத்தத்தின் பின்னரும் பழம்பாடத்தை அடிக்குறிப்பிலேனும் காட்டுவது அதனாலேயே. படத்திற்கு அடிக்குறிப்பு ஏது? பழம்பதிவை முதலிற் கேட்டுப் பின்னரே புதியதைக் கேட்டல் வேண்டும்.

ஆயின் ஒரு காட்சியில் புதுப்பதிவின் பக்கமே நிற்கின்றேன். போர் முடிந்து, தீப்பந்தங்கள் அசையும் இருளில், வீழ்ந்தாரிடையே ஒருத்தி தன்னை விரும்பிய வீரர் இருவரைத் தேடுகின்றாள். அப்போது ஒலிக்கும் தனிப் பெண்குரல் பழம்பதிவில் மெலிந்து தேய்கின்றது. அம்மெலிவை ஆசிரியர் கருத்தென்று கொள்ளச் சான்றில்லை.